லேப்டாப் இப்போது வாங்கலாமா, அடுத்த மாடலுக்குப் பொறுக்கலாமா? முடிவு செய்வது எப்படி

மதுரையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழுது பார்க்க வருகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவருவார்கள். "அண்ணே, புதுசு இப்பவே வாங்கிரலாமா, இல்ல அடுத்த மாடல் வரட்டும்னு பொறுக்கலாமா?" ஜனவரியில் கேட்பார்கள், தீபாவளிக்கு முன்னால் கேட்பார்கள், இன்ஜினியரிங் கவுன்சிலிங் நடக்கும் வாரங்களில் தினமும் யாராவது கேட்பார்கள். கேட்பவர் முகத்தில் ஒரு பயம் தெரியும். ஐம்பது, அறுபதாயிரம் போட்டு வாங்கிய மறுமாசம் அதைவிட நல்லது வந்துவிட்டால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயம்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதை வைத்து முடிவெடுத்தால் எந்த மாசமும் வாங்கவே முடியாது. இன்டெல், ஏஎம்டி, ஆப்பிள், குவால்காம் என்று நாலு பேரும் ஏறக்குறைய வருஷாவருஷம் ஏதாவது வெளியிடுகிறார்கள். அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் கையில் இருக்கும் மெஷினைப் பாருங்கள், அப்புறம் உங்கள் வேலையைப் பாருங்கள், எந்தக் கம்பெனி எப்போது எதை விடப்போகிறது என்பதைக் கடைசியாகப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கையில் இருப்பது நிஜமாகவே முடிந்துவிட்டதா?

"ஸ்லோவா இருக்கு, மாத்தணும்" என்று கொண்டுவரும் லேப்டாப்களில் நிறைய மெஷின்களை மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது. வீட்டிலேயே நீங்கள் பார்க்கலாம். வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், எக்செல், டேலி, வாட்ஸ்அப் என்று எது உண்டோ அது. இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் ஒரு அஞ்சு நிமிஷம் கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, பக்கத்தில் எச்டிடி என்று எழுதியிருக்கிறது என்றால், உங்களிடம் இருப்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க், போடுங்கள். நான் செய்யும் வேலைகளிலேயே வாடிக்கையாளர் முகம் உடனே மலர்வது இந்த ஒரு வேலைக்குத்தான். விண்டோஸ் திறக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுத்த மெஷின் அரை நிமிஷத்துக்குள் தயாராகிவிடும். மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. காலி ஸ்லாட் இருந்தால் ரேம் சேர்க்கலாம். ஆன்போர்டு ரேம் மட்டும்தான், அதாவது மதர்போர்டிலேயே வைத்து ஒட்டியது என்றால், அந்தக் கதவு அடைத்தாயிற்று. சிபியு (கணக்குப் போடும் முக்கியச் சிப்) மட்டும் 100-ல் நின்று மற்றதெல்லாம் சும்மா இருந்தால் புது மெஷினைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னால் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

சூடு. போன கோடையில் ஒரு டீச்சர் அக்கா லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஆன்லைன் வகுப்பு எடுக்கும்போது பத்து நிமிஷத்தில் வீடியோ திக்குகிறது, புதிது பார்த்துவைத்துவிட்டேன், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றார். பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனில் இருந்து காற்று வெளியேறும் இடத்தில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த இடுக்கு முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்து, அப்படியே ஒரே பட்டையாக உரிந்து வந்தது. ஹீட் சிங்க்கைத் தூக்கிப் பார்த்தால் சிப்பின் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் வைத்து, அதே வீடியோ காலை ஓட்டிப் பார்த்தோம். 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது எழுபதுகளுக்கு இறங்கியது. அந்த மெஷின் இன்றும் அவரிடம் ஓடுகிறது. செலவு சில நூறு ரூபாய்.

பேட்டரிக்கும் ஒரு கணக்கு உண்டு. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. தெரியாவிட்டால் எந்த சர்வீஸ் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 41,000, இரண்டாவது 20,000 என்றால் பேட்டரி பாதி செத்துவிட்டது. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே கடைக்கு எடுத்துப் போங்கள்.

இதெல்லாம் பார்த்தபின், நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவு ஒன்று இருக்கிறது. இதே தரத்தில் புதிது வாங்கினால் என்ன விலையோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் ரிப்பேர் முடிந்து, இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்று மெக்கானிக் உறுதியாகச் சொன்னால் ரிப்பேர் பண்ணுங்கள். மதர்போர்டில் தண்ணீர், காபி இறங்கிய மெஷின், இரண்டாவது முறையாக ஹிஞ்ச் (ஸ்கிரீனைத் திறந்து மூடும் கீல்) பிய்ந்து பாடியும் உடைந்த மெஷின், 4 ஜிபி ஆன்போர்டு ரேமோடு ஸ்லாட்டும் இல்லாத மெஷின், இந்த மூன்றிலும் நானே ரிப்பேர் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

விண்டோஸ் 10 ஓடும் மெஷின் என்றால்

இது தேதி போட்ட விஷயம், அதனால் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு, பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் நீட்டித்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-7200யு என்று இருந்தால் முதல் இலக்கம் 7, ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டு. ஐ5-1135ஜி7 என்றால் முதல் இரண்டு இலக்கம், பதினொன்று. ஏழும் அதற்குக் கீழும் வைத்திருப்பவர்கள் அந்த மெஷினில் பேங்க் வேலை, ஜிஎஸ்டி தாக்கல், வாடிக்கையாளர் விவரங்கள் எல்லாம் வைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அடுத்த மாடலுக்குக் காத்திருக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. வெறும் பிரவுசரும் படம் பார்ப்பதும்தான் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுக் கொடுத்தால் அந்த மெஷின் இன்னும் சில வருஷம் நன்றாகவே உழைக்கும். எஸ்எஸ்டி போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது. இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிள் சொல்லிவிட்டது. அதிலும் எல்லா இன்டெல் மேக்குகளுக்கும் அது கிடையாது.

காத்திருக்க ஒரு பெயரும் ஒரு தேதியும் வேண்டும்

சரி, மெஷின் மாற்ற வேண்டியதுதான் என்று முடிவாகிவிட்டது. இப்போது காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு வரலாம். என்னிடம் பொறுக்கப் போவதாகச் சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். எதற்காகப் பொறுக்கிறீர்கள், அது எந்த மாசம் கடைக்கு வரும், வந்தால் உங்கள் வேலையில் என்ன மாறும். மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் பொறுங்கள். "ஏதோ புது சிப் வருதாம்" என்பதுதான் பதில் என்றால் அன்றைக்கே வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அறிவிப்புக்கும் கடைக்கும் நடுவில் இடைவெளி பெரிது. ஒவ்வொரு ஜனவரியிலும் லாஸ் வேகஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியில் புது சிப்புகளை அறிவிப்பார்கள். மே கடைசி, ஜூன் வாக்கில் தைபேயில் கம்ப்யூடெக்ஸ். அங்கே மேடையில் காட்டியது மதுரைக் கடைக்கு வர மூன்று, நாலு மாசம் ஆவது சாதாரணம். முதலில் வருவதும் ஒன்றரை லட்ச ரூபாய் மாடல்கள்தான். ஐம்பது, அறுபதாயிரம் விலையில் அந்தச் சிப் வருவதற்குள் அடுத்த ஜனவரி அறிவிப்பே வந்துவிடும். நடுத்தர விலையில் வாங்குகிறவர் "புது சிப்புக்காக" பொறுத்தால் ஒரு வருஷம் பழைய மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, வருஷாவருஷம் வரும் மாற்றம் பெரும்பாலும் கையில் தெரியாத அளவு சின்னது. நான் பார்த்தவரை, பழையதையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரிகிற தாவல்கள் சிலதான். ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது. 2017 ஆகஸ்டில் இன்டெல் 8-ஆம் தலைமுறையில் மெல்லிய லேப்டாப்புகளுக்கு இரண்டு கோரில் இருந்து நாலு கோர் கொடுத்தது (கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). ஐ5-7200யு, ஐ5-8250யு இரண்டையும் அந்த நாட்களில் அடுத்தடுத்து சர்வீஸ் செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 2020-ல் ஏஎம்டியின் ரைசன் 4000 வரிசையில் மெல்லிய லேப்டாப்பிலேயே எட்டு கோர் வந்தது. அதே வருஷம் நவம்பரில் ஆப்பிளின் எம்1. ஃபேனே இல்லாத மேக்புக் ஏர் அவ்வளவு வேகமாக ஓடியதைப் பார்த்து நானே அசந்துபோனேன். அப்புறம் 2024-ல், ஜூனில் வந்த குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ், செப்டம்பரில் வந்த இன்டெல்லின் லூனார் லேக். விண்டோஸ் லேப்டாப்பும் சார்ஜர் இல்லாமல் ஒரு முழு வேலை நாளைத் தாக்குப்பிடிக்கும் என்பதை அவைதான் பரவலாகக் காட்டின.

இவற்றுக்கு நடுவில் வந்த மற்ற வெளியீடுகளைத் தவறவிட்டவர் யாரும் எதையும் இழக்கவில்லை. தாவல் நடந்த வருஷம்கூட, வாங்குவதற்கு நல்ல நேரம் அது கொஞ்சம் நிலைபெற்று விலை இறங்கிய பிறகுதான்.

ஆப்பிள் மட்டும் கொஞ்சம் கணிக்கக்கூடியது. மேக்புக் ஏர் எம்3 2024 மார்ச்சில் வந்தது, எம்4 2025 மார்ச்சில் வந்தது. மேக்புக் ப்ரோ எம்3, எம்4, எம்5 மூன்றும் அக்டோபரை ஒட்டியே அறிவிக்கப்பட்டன. அந்த மாதங்களுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவசரம் இல்லாதவர்கள் பொறுக்கலாம். புதிதை வாங்காவிட்டாலும் முந்தைய மாடலின் விலை கடைகளில் இறங்கும். சில சமயம் விலை இறங்காமல் பொருள் கூடும்: 2024 அக்டோபர் கடைசியில் மேக்புக் ஏரின் ஆரம்ப மாடலுக்கு அதே விலையில் 8 ஜிபிக்குப் பதிலாக 16 ஜிபி மெமரி கொடுத்தார்கள்.

புது ஸ்டிக்கருக்குள் பழைய சிப்

இதை நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். "புதுசு வந்தபின் வாங்கினேன்" என்று மகிழ்ச்சியோடு கொண்டுவரும் பெட்டிக்குள் பழைய சிப் இருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அது ஜென் 2 வடிவமைப்பு. 2019-லேயே வந்துவிட்ட வடிவமைப்பு. 7530யு என்றால் 3, ஜென் 3. 7640, 7840 என்று 4 இருந்தால்தான் ஜென் 4. கடையில் மூன்றும் "ரைசன் 7000 சீரிஸ்" என்ற ஒரே வரியில் நிற்கும். இன்டெல்லிலும் அப்படித்தான். 2024 ஜனவரியில் வந்த கோர் 5 120யு, பெயரில் ஐ என்ற எழுத்து போய்விட்டதால் புத்தம் புதிது மாதிரி இருக்கும். உள்ளே முந்தைய வருஷத்து 13-ஆம் தலைமுறையின் அதே குடும்பம்தான். "அல்ட்ரா" என்ற வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பது அங்கே முக்கியம்.

கடைசி எழுத்தையும் படித்துக்கொள்ளுங்கள். யு என்றால் மின்சாரம் குறைவாகச் சாப்பிடும் மெல்லிய மெஷின். எச், எச்எக்ஸ் என்றால் கனமான வேலைக்கு, சூடும் எடையும் கூடும். இன்டெல் கோர் அல்ட்ரா 200 வரிசையில் எண்ணின் கடைசியில் வி இருந்தால் அது லூனார் லேக். மெமரி சிப்போடே சேர்ந்து வருகிறது, 16 அல்லது 32 ஜிபி, பிறகு கூட்டவே முடியாது.

ஆகவே "இந்த வருஷ மாடலா, போன வருஷ மாடலா" என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். இந்த வருஷத்தின் அடித்தட்டு மாடலைவிடப் போன வருஷத்தின் மேல்தட்டு மாடல் அதே விலைக்குக் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஸ்கிரீன் நன்றாக இருக்கும், பாடி கெட்டியாக இருக்கும், ஹிஞ்ச் தாங்கும். ஐந்து வருஷம் தினமும் தொடுவதும் பார்ப்பதும் அவற்றைத்தான். என் மேஜைக்கு வரும் மூன்று, நாலு வருஷத்து லேப்டாப்களில் சிப் பழசானதால் வந்தவை குறைவு. ஹிஞ்ச், கீபோர்டு, பேட்டரி, சார்ஜிங் போர்ட், ஸ்கிரீன் கேபிள் இவற்றால் வந்தவைதான் அதிகம்.

"ஏஐ பிசி" ஸ்டிக்கரைப் பற்றியும் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் என்று பெயர் கொடுக்க, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிப்பகுதி ஒன்று சிப்பில் வேண்டும், 16 ஜிபி மெமரியும் வேண்டும் என்கிறது. நீங்கள் பிரவுசரில் பயன்படுத்தும் சாட்ஜிபிடி மாதிரியான சேவைகள் எங்கோ தூரத்து சர்வரில் ஓடுகின்றன. அதற்கும் இந்த ஸ்டிக்கருக்கும் சம்பந்தமில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவோ, அதற்காகப் பொறுக்கவோ வேண்டாம். அந்த 16 ஜிபி மட்டும் உங்களுக்கு உதவும்.

"பொறுத்தா விலை குறையும்" என்ற பழைய கணக்கு

பல வருஷம் நானே இதைச் சொல்லிவந்தேன், அப்போது அது சரியாகத்தான் இருந்தது. ரேமும் எஸ்எஸ்டியும் காலப்போக்கில் மலிவாகிக்கொண்டே வந்தன. 2025 கடைசியில் இருந்து நிலைமை மாறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு உற்பத்தியைத் திருப்பியதால் சாதாரண கம்ப்யூட்டருக்கான ரேம் விலை கடுமையாக ஏறியது. பல வருஷமாக எங்கள் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போட்ட குரூஷியல் பிராண்டை, கடைகளில் விற்கும் தொழிலில் இருந்தே விலக்கிக்கொள்வதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. என்னைப் போன்ற சர்வீஸ்காரர்களுக்கு அது ஒரு பெரிய செய்தி.

இதனால் இரண்டு விஷயம் மாறுகிறது. "இப்ப 8 ஜிபி வாங்கிக்கிறேன், அடுத்த வருஷம் ரேம் போட்டுக்கிறேன்" என்பது முன்பு நல்ல யோசனை, இப்போது நிச்சயமில்லாத யோசனை. 16 ஜிபியோடு வரும் மாடலையே வாங்கிவிடுங்கள். கூடவே ஒரு ஸ்லாட் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து, கையில் பணமும் தேவையும் இரண்டும் இருக்கும்போது, விலை இறங்கட்டும் என்பதை மட்டும் காரணமாக வைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

தேவைப்படும் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தேதியை நீங்கள் முடிவு செய்யுங்கள். எந்த நாளில் இந்த மெஷின் இல்லாமல் வேலை நடக்காதோ அந்த நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மாசம் முன்னால் வாங்கி முடித்துவிட வேண்டும். அந்த ஒரு மாசம் எதற்கென்றால், மெஷினில் கோளாறு இருந்தால் மாற்றிக்கொள்ள, பழைய ஃபைல்களை நகர்த்த, பழக.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தலைகீழாகச் செய்வதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். சீட் கிடைத்த சந்தோஷத்தில் அன்று மாலையே வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்; இந்த இடத்தில் மட்டும் பொறுப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எந்தத் துறை, எந்த சாஃப்ட்வேர், லேப்டாப் கட்டாயமா என்பதைக் கல்லூரி சொன்னபின் வாங்குங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 16 ஜிபி, நல்ல கீபோர்டு, ஒன்றரைக் கிலோவைச் சுற்றி எடை போதும். இரண்டரைக் கிலோ கேமிங் லேப்டாப்பையும் அதன் செங்கல் கனத்துச் சார்ஜரையும் தினமும் காலேஜ் பஸ்ஸில் சுமக்க வைக்காதீர்கள். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் என்றால் சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படலாம். அந்த சாஃப்ட்வேர்கள் விண்டோஸில்தான் ஓடும், அதனால் மேக் வாங்கிவிட்டுத் தவிக்க வேண்டாம்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப் பார்க்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அது ஏஆர்எம் வகைச் சிப், இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் இருந்து வேறு வகை. பிரவுசர், ஆஃபீஸ் எல்லாம் அருமையாக ஓடும், பேட்டரியும் நிற்கும். ஆனால் யுஎஸ்பியில் செருகும் பொருள்களின் டிரைவர் (அவற்றை இயக்கும் சாஃப்ட்வேர்) ஏஆர்எம்முக்கென்று தனியாக இருக்க வேண்டும். பழைய பிரிண்டர், பில்லிங் மெஷின், ஜிஎஸ்டி தாக்கலுக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இவற்றை வைத்திருக்கும் ஆஃபீஸ்காரர்கள், வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் டிரைவர் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி.

தொழில் செய்கிறவர்களுக்கு வாங்கும் மாசமே பணம். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படுத்தும் மெஷினுக்கு அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வருமான வரியில் கம்ப்யூட்டருக்கான தேய்மானம் 40 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். அதாவது அக்டோபர் 2, 3-ஆம் தேதிக்குள் வாங்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தால் முழுசும் கிடைக்கும். பண்டிகைத் தள்ளுபடிகள் தொடங்குவதும் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான். என்னிடம் கணக்கு மெஷின் கேட்கும் லாரி புக்கிங் ஆஃபீஸ்காரர்களிடம் நான் செப்டம்பரைத்தான் சொல்வேன், உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஜூலை, செப்டம்பர்-அக்டோபர், ஜனவரி குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள் ஆகியவை தள்ளுபடி அதிகம் கிடைக்கும் காலங்கள். தள்ளுபடிக்கு இரண்டு வாரம் முன்பே நீங்கள் பார்த்த மாடலின் முழு எண்ணையும் அன்றைய விலையையும் குறித்துவையுங்கள். வெறும் பெயர் போதாது. ஒரே பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும் மாறி, ஒன்றில் நிறம் மங்கிய 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) ஸ்கிரீனும் இன்னொன்றில் பளிச்சென்ற 400 நிட்ஸ் ஸ்கிரீனும் வரும். தள்ளுபடி பெரும்பாலும் மங்கலான ஸ்கிரீனுக்குத்தான் இருக்கும்.

கேமிங், வீடியோ எடிட்டிங்குக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டு லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் கிராஃபிக்ஸ் மெமரி 8 ஜிபிதான். விலை வித்தியாசம் அதிகமாக இருந்தால் அந்தப் பணத்தில் 32 ஜிபி ரேம் வாங்கும் கல்யாண வீடியோ எடிட்டர்தான் நிம்மதியாக வேலை செய்வார்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்தில் நன்றாகப் போட்டு அடியுங்கள், ரிட்டர்ன் காலம் அதற்குத்தான். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை வைத்து செத்த புள்ளி இருக்கிறதா பாருங்கள். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து அந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா பாருங்கள். கம்பெனி இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி உங்கள் பில் தேதியில்தான் தொடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல மாசம் முன்பே தொடங்கியதாகக் காட்டினால் பில்லோடு கஸ்டமர் கேரைத் தொடர்பு கொண்டு திருத்தச் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

அந்த வாரத்துக்குப் பிறகு விலையைப் பார்க்காதீர்கள். எந்தப் பொருளும் அடுத்த மூணு மாசத்தில் ஏதாவது ஒரு நாள் ஆயிரம், இரண்டாயிரம் குறையத்தான் செய்யும்.

பழைய மெஷினை எடைக்குப் போடும் முன் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றச் சொல்லுங்கள். எந்த சர்வீஸ் கடையிலும் சில நிமிஷத்தில் செய்துகொடுப்பார்கள். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால், புது லேப்டாப்புக்கு பேக்கப் டிஸ்க் தயார். பேங்க் பாஸ்வேர்டும் வீட்டுப் போட்டோவும் எடைக்கடைக்குப் போகாமலும் இருக்கும்.